பச்சப்புள்ள என்ன பாவம் செஞ்சுச்சு?

பதுளையிலிருந்து நமுனுகுல மலைப்பக்கம் ஏறினால் ஸ்பிரிங்வெளித் தோட்டம். அங்கும் அதைச் சுற்றியுள்ள ஊவாத் தோட்டங்களிலும் ஒரு சிசு இறந்துபோனால், லயத்து வாசலில் கூடுகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். “பச்சப்புள்ள என்ன பாவம் செஞ்சுச்சு?” பதிலை எதிர்பார்த்து யாரும் இதைக் கேட்பதில்லை. ஆனாலும் கூட்டத்தில் ஒருவர் பதில் சொல்லிவிடுவார். போன பிறப்பில் அது என்ன செய்ததோ என்பார் ஒருவர். பெற்றவர்கள் செய்தது பிள்ளை தலையில் விடிந்தது என்பார் இன்னொருவர். காம்பராவுக்குள் பால் கட்டிய மார்போடு கிடக்கும் தாய்க்கு இரண்டும் கேட்கும்.

இந்தக் கேள்வியை மற்றச் சாவுகளைவிடக் கூர்மையாகக் கேட்க வைக்கும் நோய் ஒன்று உண்டு. மாதம் நிறைந்து, நல்ல நிறையோடு பிறந்து, முதல் நாளே மார்பைப் பிடித்துக் குடித்த பிள்ளைக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் தொப்புளில் இரத்தம் கசியத் தொடங்கும். துடைத்தால் மறுபடியும் கசியும். மலத்திலும் வாந்தியிலும் இரத்தம் வரும். தோலில் நீலம் பாரிக்கும். எங்கும் காயம் இருக்காது, யார் கையிலிருந்தும் பிள்ளை விழுந்திருக்காது. சாபம் என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று எவருக்கும் தோன்றும்.

ஊவா மலைகளில் காப்பி அழிந்து தேயிலை நிலைத்துவிட்ட காலத்தில், 1894இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சார்ல்ஸ் டவுன்சென்ட் என்ற மருத்துவர் இப்படி இரத்தம் சிந்திய 50 சிசுக்களைப் பற்றி எழுதினார். குடும்பவழி வரும் ஹீமோபீலியா வேறு, இது வேறு என்று பிரித்துக் காட்டியது அவருடைய பெரிய காரியம். ஹீமோபீலியா உயிருள்ளவரை விடாது. இதுவோ பிறந்த சில நாட்களில் வரும், தப்பிப் பிழைத்த பிள்ளைக்குத் திரும்ப வராது. ஏன் வருகிறது என்பது அவருக்கும் பிடிபடவில்லை. காரணம் கோழிக்குஞ்சுகளிடம் அகப்பட்டது. கோப்பன்ஹேகனில் ஹென்றிக் டாம் 1929இல் கொழுப்பு நீக்கிய தீனியை ஊட்டிக் கோழிகளை வளர்த்தார். அவற்றுக்குத் தோலுக்கடியில் இரத்தம் கசிந்தது. தீனியில் இல்லாமற்போன பொருளைத் தேடிப் போனவர் 1935இல் அதற்கு விட்டமின் கே என்று பெயரிட்டார். அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்த எட்வர்ட் டொய்சியும் அவரும் 1943ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் நான்கை ஈரல் செய்து முடிக்க விட்டமின் கே தேவை. அது இல்லாவிட்டாலும் புரதங்கள் இரத்தத்தில் இருக்கும், வேலைக்கு ஆகாது. கவ்வாத்துக் கத்தி கையில் இருந்தும் சாணை பிடிக்காத கதைதான். தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது மிகச் சொற்பம். தொப்புள்கொடி இரத்தத்தில் இருப்பது தாயினுடையதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. இந்த விட்டமினைக் கொஞ்சம் உண்டாக்கித் தரும் நுண்ணுயிர்கள் பிறந்த பிள்ளையின் குடலில் இன்னும் குடியேறியிருக்கமாட்டா. தாய்ப்பாலில் ஒரு லீட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் உண்டு. தடுப்பு எதுவும் கொடுக்காவிட்டால் ஆயிரம் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரிலிருந்து பதினேழு பேர்வரை முதல் வாரத்தில் இரத்தம் சிந்தக்கூடும் என்பது பழைய கணக்கு. பிறந்தவுடன் தொடையில் ஒரு மில்லிகிராம் ஊசி போட்டால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் தப்பிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் எல்லாச் சிசுக்களுக்கும் அதைப் போடச் சொல்கிறது.

மருத்துவத்துக்கு விஷயம் இத்தோடு முடிந்துவிடும். சமயத்துக்கு இங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

தமிழ்ச் சமயத்தில் தாய்ப்பாலைவிடப் புனிதமான பொருளைத் தேடுவது கஷ்டம். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதில் அழுத சம்பந்தருக்கு உமையம்மை ஊட்டியது பாலைத்தான், ஞானமே அதில் கலந்து வந்தது என்கிறது சைவம். அந்தப் பாலில், பிள்ளை உயிரோடிருக்கத் தேவையான ஒன்று போதுமான அளவில் இல்லை என்று ஆய்வுகூடம் சொல்லும்போது பக்தனுக்குச் சுருக்கென்கிறது. இறைவன் படைப்பில் குறையா? கடவுளை நம்பாதவர்களிலும் பலர் இன்று இதே கேள்வியைக் கேட்கிறார்கள். கடவுள் இருந்த இடத்தில் அவர்கள் இயற்கையை உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2013இல் எட்டு மாதங்களுக்குள் நான்கு சிசுக்கள் ஒரே மருத்துவமனைக்கு இரத்தக்கசிவோடு வந்தார்கள். மூவருக்கு மூளைக்குள் கசிவு. நால்வரில் ஒருவருக்கும் விட்டமின் கே ஊசி போடப்படவில்லை. ஊசியால் புற்றுநோய் வரும் என்ற பயம் ஒரு காரணம். 1990களின் தொடக்கத்தில் ஒரு பிரித்தானிய ஆய்வு கிளப்பிவிட்ட அந்தச் சந்தேகத்தைப் பின்வந்த பெரிய ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. இயல்பாகப் பிறந்த பிள்ளைக்கு ஊசி எதற்கு என்ற எண்ணம் இன்னொரு காரணம். தமிழ்நாட்டில் 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பெண் இரத்தப்போக்கால் இறந்தார். அங்கே இறந்தது பிள்ளையல்ல, தாய். ஆனால் இரண்டு ஊரிலும் அடியில் ஓடும் நம்பிக்கை ஒன்றேதான், இயற்கைக்கு எல்லாம் தெரியும் என்பது.

இந்த நம்பிக்கையைப் பழைய சமயத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. தஞ்சைப் பக்கத்துத் திருக்கருகாவூர்த் தலபுராணத்தைப் பாருங்கள். முனிவரின் சாபத்தால் வேதிகையின் கரு நழுவி விழ, அம்மன் அதை ஒரு குடத்தில் வைத்துக் காத்து வளர்க்கிறாள். பிள்ளை பிறந்ததும் அதற்குக் காமதேனு பால் தருகிறது. தாயின் கர்ப்பமும் தாயின் பாலும் போதாமற்போகும் நேரம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் அந்தக் கதையே எழுகிறது. குறைப்பிரசவப் பிள்ளைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தால் அந்தப் புராணம் சொன்னவர்கள் அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டார்கள். படைப்பு குறையில்லாதது, அதில் கைவைப்பது பாவம் என்பது நம் பாட்டிமார் சொன்னதல்ல, நகரத்துப் புதுச் சமயம் அது.

பாட்டிமாருக்கு வேறு விளக்கங்கள் இருந்தன. வடதமிழ்நாட்டில் கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் தாக்குபவள் என்று அஞ்சப்பட்ட இரத்தக் காட்டேரி, அஞ்சியவர்களுக்கே குலதெய்வமாகவும் ஆனாள். திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து ஆள்கட்டி வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் மலைக்குக் கூட்டி வந்தார்கள். வந்த இடத்தில் ஸ்டோரில் ஓடிய இயந்திரத்துக்கு ரோதைமுனியையும், கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துசாமியையும் உண்டாக்கினார்கள். இயந்திரம் கையைப் பிடுங்கும், கத்தி காலை வெட்டும். இரத்தம் சிந்தும் இடமெல்லாம் ஒரு சாமி நின்றார். அப்படியிருக்க, காரணமில்லாமல் சிந்தும் இரத்தத்துக்கு மட்டும் ஆள் இல்லாமலா போகும்? மடமை என்று இதை ஒதுக்குவது சோம்பேறித்தனம். கையில் நுண்பெருக்கி இல்லாதவர்கள், கண்டதை ஒழுங்குபடுத்திப் பார்த்த முயற்சி அது.

இன்னொரு சங்கதி. பிள்ளை கக்கும் இரத்தம் பிள்ளையினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிறக்கும்போது விழுங்கியதோ, வெடித்த முலைக்காம்பிலிருந்து பாலோடு போனதோ தாயின் இரத்தமாகவும் இருக்கலாம். 1955இல் லெனார்ட் ஆப்ட் இதற்கு ஓர் எளிய சோதனை தந்தார். காரம் சேர்த்தால் பிள்ளையின் இரத்தம் இளஞ்சிவப்பாகவே நிற்கும், தாயினுடையது மஞ்சள் கலந்த பழுப்பாக மாறும். லயத்து வாசலில் நடக்கும் வழக்கும் கிட்டத்தட்ட இதுதான், தாய் செய்ததா பிள்ளை செய்ததா என்று. அந்த வழக்குக்குத்தான் சோதனைக் குழாய் கிடையாது.

சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று மலங்களைச் சொல்கிறது. உயிர் தன் பழைய கன்மத்தில் இப்பிறப்புக்கு உரிய பங்கோடுதான் உடம்பெடுக்கிறது. இதை நேராக எடுத்தால் மூன்று நாள் சிசுவின் இரத்தப்போக்குக்கும் விளக்கம் கிடைத்துவிடும். வள்ளுவரும் அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடுதான் முடிக்கிறார். ஆனால் பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் மருந்துக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தவரும் அவரே.

மருந்து வேண்டாம், எல்லாம் விதி என்று இருந்துவிட்டவர்களுக்குச் சைவத்துக்குள்ளேயே மறுப்பு எழுந்திருக்கிறது, அதுவும் பால் குடித்த அதே சம்பந்தரிடமிருந்து. இன்றைய நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டில் அவரும் அடியார்களும் தங்கியிருந்தபோது குளிர்சுரம் பரவியது. இந்தக் காலத்தில் இந்த ஊரில் இது வருவதுதான் என்றார்கள் உடனிருந்தவர்கள். சம்பந்தர் அப்போது பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். செய்த வினைக்கு வந்த வினை என்று சொல்லிக்கொண்டு, மீளும் வழியைத் தேடாதிருப்பது உங்களுக்கே குறையல்லவா என்று அவர் அடியார்களை இடித்துக் கேட்பதாகத்தான் அது தொடங்குகிறது. கன்மத்தை அவர் மறுக்கவில்லை. கன்மத்தைச் சாக்காக வைத்துக் கைகட்டி நிற்பதைத்தான் மறுக்கிறார். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பலர் வருகிறார்கள். திங்களூரில் பாம்பு கடித்து மகனை இழந்த அப்பூதியடிகளிடம் அப்பரோ, அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனின் பெற்றோரிடம் சுந்தரரோ, உங்கள் பிள்ளை போன பிறப்பில் என்ன செய்தது என்று விசாரிக்கவில்லை. பிள்ளையை மீட்கப் பாடினார்கள். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். துக்க வீட்டில் பெரியவர்கள் எப்படி நடந்தார்கள் என்று நம் புராணம் பதிந்து வைத்திருப்பதையாவது கவனிக்கலாம்.

பதுளையில் முதியங்கணை விகாரைக்குப் போகும் பௌத்த அயலவர்களிடமும் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ராஜகிருகத்தில் சீவகன் என்ற பரதேசி புத்தரிடம் வந்து, மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்வினைப் பயனே என்கிறார்களே, உண்மையா என்று கேட்கிறான். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாயு, மூன்றும் கூடிக் கெடுதல், பருவ மாற்றம், முறைகேடான நடத்தை, தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எல்லாமே வினைதான் என்பவர்கள் தாங்கள் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார். சங்யுத்த நிகாயத்தில் இருக்கும் இந்தச் சிறிய சூத்திரத்தைப் பன்சலையில் பெரிதாகப் போதிப்பதாகத் தெரியவில்லை. சிங்கள வீடுகளிலும் “கருமய” என்ற ஒற்றைச் சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

தோட்டத்தில் விதியைப் பேசும்போது இன்னொன்றையும் பேசாமல் இருக்க முடியாது. விதி இங்கே தொழிலாளிக்கு ஆறுதல், நிர்வாகத்துக்கு வசதி. பிள்ளை செத்தது அதன் தலையெழுத்து என்று பெற்றவர்களே சொல்லிவிட்டால், நிறைமாதம்வரை தாய் கொழுந்துக் கூடை சுமந்ததை யார் கேட்பார்கள்? தோட்டத்து ஆட்களுக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்று 1872இலும் பிறகு 1912இலும் வெள்ளைக்காரன் சட்டம் போட வேண்டியிருந்தது, துரைமார் தாமாகச் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி. 1946இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 141 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இன்று அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. நாற்பதுகளின் பிள்ளைகளைவிட இன்றைய பிள்ளைகள் நல்ல கன்மத்தோடு பிறக்கிறார்கள் என்று எந்தக் குருக்களும் வாதிட மாட்டார். ஆனாலும் 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம் என்றால், தோட்டங்களில் 32 வீதம். ஒரு மலைக்கு இந்தப் பக்கம் பிறக்கும் உயிர்களுக்கு மட்டும் பாவம் இரட்டிப்பா என்ன?

விட்டமின் கே விஷயத்தில் நல்ல செய்தி இருக்கிறது. பிரசவம் இப்போது லயத்தில் நடப்பதில்லை. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து வைத்தியசாலைக்கோ போய்விடுகிறார்கள், அங்கே ஊசி போடப்படுகிறது, காசும் கிடையாது. வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து குடிக்கும் தாயின் பிள்ளைக்கு முதல் நாளே இரத்தம் கசியக்கூடும் என்பதால் அதைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிந்திவரும் வகை இன்னும் மோசம். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டும் குடிக்கும், ஊசி போடாத பிள்ளைகளுக்கு வரும். வந்தவர்களில் பாதிப்பேருக்கு மூளையில் கசியும். பித்தக்குழாய் அடைபட்ட பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்தாலும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை, மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுப்பது அதற்கு அடையாளம். முதல் ஆறு வாரத்துக்குள் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பது இதற்கெல்லாம்தான். தொப்புளில் ஒரு துளி, மூக்கில் ஒரு துளி, நெஞ்சில் ஒரு நீலத் திட்டு என்று சின்ன எச்சரிக்கை முதலில் வரும். அதைக் கண்ணூறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று இருப்பதில்தான் உயிர் போகிறது. சுற்றிப் போடுவதில் கேடில்லை, லொறிக்கு ஆளனுப்பிவிட்டுச் சுற்றலாம்.

விட்டமின் கே ஊசியால் தீராதது ஹீமோபீலியா. எட்டாம் காரணி குறைந்த ஏ வகை, ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒருவருக்கு. தாய்வழி வருவது. இங்கே சமயம் என்ன செய்ய முடியும் என்பதற்கு மிகப் பழைய முன்மாதிரி யூதர்களிடம் இருக்கிறது. எட்டாம் நாள் சுன்னத்து அவர்களுக்கு இறைவன் ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கை, தட்ட முடியாதது. ஆனால் அவர்களின் சட்டநூலான தல்மூது ஒரு வழக்கைப் பதிந்திருக்கிறது. செப்போரிஸ் ஊரில் நான்கு சகோதரிகள். மூத்தவள் மகனுக்குச் சுன்னத்துச் செய்தார்கள், இறந்தான். இரண்டாமவள் மகனும், மூன்றாமவள் மகனும் அப்படியே. நான்காமவள் மதகுருவான ரப்பி சிமியோன் பென் கம்லியேலிடம் வந்தாள். செய்யாதே என்றார் அவர். இரண்டு சாவு போதுமா, மூன்று வேண்டுமா என்று ரப்பிகள் தர்க்கித்தார்கள். சட்டம் வளைய வேண்டும் என்பதில் அவர்களுக்குள் தகராறில்லை. நோய் சகோதரிகள் வழியாக ஓடுகிறது என்பதை மரபணு என்ற எண்ணமே இல்லாத காலத்தில் அவர்கள் கண்டுகொண்டார்கள். தாயை யாரும் சபிக்கவில்லை என்பது அதைவிடப் பெரிது. 12ஆம் நூற்றாண்டில் மருத்துவரும் ஞானியுமான மைமோனிடீஸ், அப்படிப் பிள்ளைகளை இழந்த தாய் வேறொரு கணவனுக்குப் பெற்ற மகனுக்கும் இந்த விலக்கு உண்டு என்று விரித்தார்.

எட்டாம் நாளில்தான் இரத்தம் மிக நன்றாக உறையும், அது தெரிந்துதான் இறைவன் எட்டு என்றார் என ஒரு பிரசங்கக் கதை 1960களிலிருந்து உலவுகிறது. உறைதல் புரதங்கள் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏறுகின்றன, எட்டுக்கு விசேஷம் இல்லை. வேதத்தில் விஞ்ஞானம் தேடும் இந்த ஆசை நம்மவர்களுக்கும் நிறைய உண்டு. எட்டாம் நாளின் பெருமையைக் காட்டிலும், அந்த நாளைத் தள்ளிவைக்கத் துணிந்த ரப்பிகளின் பெருமை பெரிதாகத் தெரிகிறது.

தோட்டத்துச் சாமிகளுக்கும் பிள்ளையின் இரத்தம் படும் கடன்கள் உண்டு. மாரியம்மனுக்கு மொட்டை, மாமன் மடியில் வைத்துக் காது குத்து. ஹீமோபீலியாப் பிள்ளைக்குச் சவரக்கத்தி ஆழமாக வெட்டிவிட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. இங்கே விலக்குக் கேட்டு ரப்பியிடம் போக வேண்டியதில்லை. மாற்றுக் கொடுப்பது நம் வழக்கத்திலேயே இருக்கிறது. முழு மொட்டைக்குப் பதிலாக மூன்று கொத்து மயிரைக் கத்தரித்துக் கொடுக்கும் பூமுடியை மாரியம்மன் என்றும் தள்ளியதில்லை. பலி வெட்டுக்குப் பதிலாகக் குங்குமம் தடவிய நீற்றுப்பூசணியை உடைத்தால் போதும் என்று ஏற்றுக்கொண்ட சாமிகள், குத்தாத காதையும் ஏற்றுக்கொள்வார்கள். இதைச் சொல்லத் துணியும் பூசாரிகள்தான் வேண்டும். டொக்டர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது லயத்தில் எடுபடும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், கடுமையான ஹீமோபீலியா ஏ உள்ள ஐவரின் இரத்த மூலச்செல்களை எடுத்து, திருத்திய மரபணுவை அவற்றில் ஏற்றித் திரும்பச் செலுத்திய சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு வரவில்லை. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கை. செலவும் சின்னதல்ல, ஊவாவுக்கு வர எத்தனையோ காலம் ஆகலாம். ஆனாலும் பிறவியோடு வந்தது பிறவி முடியத் தொடரும் என்ற கணிப்பில் ஒரு கீறல் விழுந்துவிட்டது.

குடும்பத்தில் முன்பின் யாருக்கும் இல்லாமல் வரும் ஹீமோபீலியாவும் உண்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கருவுருவான வேளையிலோ அதற்கு ஒரு தலைமுறை முன்போ மரபணுவின் எழுத்தில் ஒரு பிழை விழுந்துவிடுகிறது. ஏன் எனக்கு என்று அந்தத் தாய் கேட்டால், வைத்தியர் தற்செயல் என்பார், குருக்கள் கன்மம் என்பார். அவள் கேட்டதற்கு இரண்டுமே பதிலில்லை. ஆனால் மாமியார் சொல்வதுபோல் சூல் வயிற்றோடு கிரகண நேரத்தில் வெளியே போனதாலோ, பப்பாளி தின்றதாலோ, நேர்த்தியை மறந்ததாலோ இது வரவில்லை என்று மட்டும் இருவரும் அவளுக்குச் சத்தியம் செய்து சொல்லலாம்.